மின்கம்பியில் இருந்த பருந்துகள்

இலங்கையின் வடக்கே வன்னியில், பருந்து, கழுகு போன்ற இரைகொல்லிப் பறவைகளை எண்ணும் வேலைக்கு முதல்முறை போனபோது, கண்ணில் படுவதைக் கொப்பியில் எழுதிக்கொண்டே போவதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ32 வீதியில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் போகாமல் வான் ஓடும். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், ஓட்டுநர் வீதியை மட்டும் பார்ப்பார். பறவை தெரிந்தால் நிறுத்தி இனம், நேரம், வீதியிலிருந்து குறுக்காக எவ்வளவு தூரம், இருந்ததா பறந்ததா என்று எழுத வேண்டும். கருந்தோள் பருந்தும் செம்பருந்தும் நிறையக் கிடைத்தன, சந்தோசமாக இருந்தது.

இரவு கொப்பியைப் பிரித்தபோதுதான் நெருடியது. கருந்தோள் பருந்துகளில் பெரும்பாலானவை மின்கம்பத்திலோ கம்பியிலோ இருந்தவை. மரம் குறைந்த வெளியில் இரை பார்க்க அதற்கு ஓர் உயரம் வேண்டும், அந்த உயரத்தை வீதி கொடுக்கிறது. வீதியோரக் கணக்கை அப்படியே முழு வெளிக்கும் பெருக்கினால் இல்லாத பருந்தெல்லாம் உண்டாகிவிடும். கொண்டைப் பாம்புக்கழுகுக்கு நேர்மாறு: காட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும்.

தூரத்தை ஏன் எழுதச் சொன்னார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. நாம் போகும் வழியை ஒரு கோடாக எடுத்தால், அந்தக் கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக எத்தனையைத் தவறவிடுகிறோம் என்பதை அந்தத் தூரங்களை வைத்தே கணிக்கலாம். ஆனால் கோட்டின் மேலேயே இருக்கும் பறவையைத் தவறவிடக் கூடாது, அது நம்மைக் கண்டு நகருமுன் இருந்த இடத்தை அளக்க வேண்டும், ஓர் இனத்துக்கு 60 முதல் 80 பதிவாவது சேர வேண்டும். கழுகினங்கள் ஐதாக இருக்கும் வறண்ட நிலத்தில் அது சேர்வதற்குள் ஒரு பருவமே முடிந்துவிடுகிறது. வட்டமிட்டுப் போகிறவற்றை இருந்தவற்றோடு கலந்தால் அடர்த்தி கூட்டிக் காட்டும் என்பதால் அவற்றுக்குத் தனிப் பக்கம்.

சரி, வீதியை விட்டு இறங்கி நடப்போம் என்றால் வன்னியில் அது லேசில்லை. வரைபடத்தில் எழுந்தமானமாகப் போட்ட புள்ளிகளில் சில, மிதிவெடி அகற்றி முடியாத காணிக்குள் விழுந்தன. சிவப்புப் பலகை, மண்டையோட்டுப் படம். அவற்றை விட்டுவிட்டோம். பக்கத்தில் வசதியான ஓர் இடத்தைப் பார்த்து மாற்றிப் போடலாம் என்று ஒருவர் சொன்னார், நான் சம்மதிக்கவில்லை. ஆளும் மாடும் போகாத நிலத்துப் பறவையும் மேய்ச்சல் நிலத்துப் பறவையும் ஒன்றென்று எப்படி எழுதுவது? பார்க்க முடியாத இடம் என்றே தாளில் போட்டோம். மற்றப் புள்ளிகளில், வெயில் ஏறிப் பறவைகள் மேலெழும் நேரமாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் நின்றோம்.

பூனைப்பருந்துகள்தான் பிடிபடவேயில்லை. பனிக்காலத்துக்கு வந்துபோகும் பறவைகள், பகலில் தாழப் பறந்து பரந்து திரியும். கட்டுக்கரைக்குளத்துப் பக்கம் மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஐயா ஒருவரிடம் கேட்டேன்.

"தம்பி, நீங்கள் பகலில வந்து தேடுறியள். அது பொழுதுபடத் தரவைக்குள்ள வந்து படுக்குது. மரத்தில இல்லை, நிலத்தில."

அவர் சொன்ன மாதிரியே, அன்றைக்குப் பின்னேரம் நானும் கூட வேலை செய்த தங்கச்சியும் தரவை என்ற அந்தப் புல்வெளியின் இரண்டு பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தோம். ஒன்று இறங்கும், திரும்ப எழும்பும், வேறொன்று அதன் மேலால் வரும். எழும்பியதைக் கழித்து இறங்கியதைக் கூட்டி இருட்டும்வரை எழுதினோம். என் தாளைவிட அவள் தாளில் மூன்று கூட இருந்தது. புல்லோடு ஒட்டி அவள் பக்கமாக வந்தவையாம். இரண்டு எண்ணிக்கையையும் அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்த நாள் பின்னேரம் இடம் மாறி உட்கார்ந்தோம்.