‘வெப்பநிலை’ என்ற சொல் வரைபடத்தில் உடைவது ஏன்?

பைதான் நிரல்மொழியில் வரைபடங்கள் வரைய உதவும் மேட்பிளாட்லிப் நூலகத்தில் ஒரு வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தபோது, அச்சுகளின் பெயர்களைத் தமிழிலேயே எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. கிடை அச்சுக்கு ‘அழுத்தம்’ என்றும் நெடுக்கு அச்சுக்கு ‘வெப்பநிலை’ என்றும் கொடுத்தேன். இரண்டு இடங்களிலும் வெற்றுக் கட்டங்களே வரிசையாக வந்து நின்றன.

இதன் காரணம் எளியது. மேட்பிளாட்லிப் இயல்பாகப் பயன்படுத்தும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் கிடையா. முனையத்தில் வரும் எச்சரிக்கையைப் பலரும் படிக்காமல் கடந்துவிடுகிறோம். ஆனால் 2990 என்ற எண்ணுக்குரிய வடிவம் எழுத்துருவில் இல்லை என்று அது தெளிவாகவே சொல்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு தரநிலையில் தமிழுக்குரிய பகுதி 2944 முதல் 3071 வரை. 2990 என்பது ‘ம’. ஆகவே, உரை நூலகத்தின் கைக்குச் சரியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது, குறியாக்கத்தில் பிழை இல்லை என்று அந்த எண்ணைக் கொண்டே உறுதி செய்துகொள்ளலாம். கோப்பு தவறான குறியாக்கத்தில் படிக்கப்பட்டிருந்தால், கட்டங்களுக்குப் பதிலாக மேற்குறியிட்ட லத்தீன் எழுத்துகள் குவிந்திருக்கும்.

தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவிய பிறகும் கட்டங்கள் மறையவில்லை. மேட்பிளாட்லிப் தான் அறிந்த எழுத்துருக்களின் பட்டியலை ஒரு தற்காலிகக் கோப்பில் சேமித்து வைத்திருக்கிறது. புதிய எழுத்துரு அந்தப் பழைய பட்டியலில் இல்லாததால், ஓர் எச்சரிக்கையோடு மறுபடியும் டெஜாவுக்கே திரும்பிவிடுகிறது. அக்கோப்பை அழித்ததும் தமிழ் எழுத்துகள் தோன்றின. (எழுத்துருவைக் குறிப்பிடும்போது கோப்பின் பெயரை அன்று, அதனுள் பதிந்திருக்கும் குடும்பப் பெயரையே தர வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.)

உண்மையான சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. ‘வெப்பநிலை’ என்ற சொல்லில் ‘வ’ தனியாக நின்றது; அதற்குரிய ஒற்றைக் கொம்பு அடுத்திருந்த ‘ப’வின் இடப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது; இறுதியில் ‘ல’வுக்குப் பின்னால் ஐகாரக் குறி ஆளில்லாமல் தொங்கியது. ‘அழுத்தம்’ என்பதிலோ, ‘ழு’ ஒரே வடிவமாகச் சேராமல், ‘ழ’வும் உகரக் குறியும் தனித்தனியே பிரிந்து கிடந்தன.

இதற்கும் எழுத்துருவைத்தான் முதலில் குறை கூறினேன். நான்கு எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தும் உடைவு அப்படியே இருந்தது. ஒற்றைக் கொம்பு நினைவகத்தில் மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. ஆனால் திரையில் அந்த எழுத்துக்கு முன்னால் காட்டப்பட வேண்டும். இந்த இடமாற்றத்தையும் ‘ழு’ போன்ற கூட்டு வடிவத் தேர்வையும் செய்வது ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு வடிவமைப்பு இயந்திரத்தின் வேலை. நான் பயன்படுத்திய மேட்பிளாட்லிப் பதிப்போ, எழுத்து வடிவங்களை வரைந்து தரும் ஃப்ரீடைப் நூலகத்திடம் ஒவ்வொரு குறியாகக் கேட்டு வாங்கி, சேமித்த வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கிவிடுகிறது. வடிவம் இல்லாமை ஒரு நோய், வடிவமைப்பு இல்லாமை வேறொரு நோய். முதல் நோய் தீரும்வரை இரண்டாவது வெளியே தெரிவதில்லை.

கொம்பை மெய்யெழுத்துக்கு முன்னால் தட்டச்சு செய்து ஏமாற்றும் குறுக்குவழி ஒன்று உண்டு. நானும் செய்து பார்த்தேன். யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது ‘ழு’வைச் சேர்த்து வைப்பதில்லை. மேலும், அதே நிரலை வடிவமைப்பு ஒழுங்காகச் செய்யும் சூழலில் இயக்கினால், அதுவரை சரியாகத் தெரிந்த சொற்கள் அங்கே உடைந்துவிடும்.

எனக்குப் பயன்பட்ட வழி, படத்தை உலாவியில் திறக்கக்கூடிய எஸ்விஜி வடிவில் சேமிப்பது. இயல்பு அமைப்பில் எழுத்துகள் கோடுகளாக மாற்றப்பட்டே எழுதப்படும் என்பதால், உடைவும் உறைந்துபோகும். எஸ்விஜி எழுத்துரு வகை என்ற அமைப்பை ‘பாத்’ என்பதிலிருந்து ‘நன்’ என்று மாற்றினால் உரை உரையாகவே எழுதப்பட்டு, வடிவமைக்கும் பொறுப்பு உலாவிக்குப் போய்விடுகிறது. பார்ப்பவர் கணினியிலும் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும் என்பது இதன் குறை. விளக்கப் பெட்டியின் அகலத்தை மேட்பிளாட்லிப் தன் பழைய கணக்கின்படியே அளப்பதால், அது சற்றே பொருந்தாமல் போவதும் உண்டு. அச்சுக்கான கோப்பு தேவைப்படும்போது, உரையை ஸீலேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளிடம் ஒப்படைக்கும் பிஜிஎஃப் என்ற வெளியீட்டு வழியைத் தேர்ந்துகொள்கிறேன். மெதுவானது, ஆனால் எழுத்து பிசகுவதில்லை.

குனுபிளாட் என்ற மற்றொரு வரைபட மென்பொருளிலும் இதே பாகுபாட்டைப் பார்க்கலாம். அதன் பிஎன்ஜி கெய்ரோ முனையம் (வெளியீட்டு வகைகளை அங்கே முனையம் என்பார்கள்) உரையை வடிவமைக்கும் பாங்கோ நூலகத்தைப் பயன்படுத்துவதால் தமிழ் சரியாக வருகிறது. பழைய பிஎன்ஜி முனையம் ஜிடி என்ற பட நூலகத்தை நம்பியிருப்பதால் அங்கே கொம்புகள் இடம் மாறுகின்றன.

கடைசியாக ஒரு சிறு தொல்லை. தமிழ் எழுத்துருவை மட்டும் அமைத்ததும், சுழியத்துக்குக் கீழான வெப்பநிலைகளுக்கு முன்னால் மீண்டும் ஒரு கட்டம் முளைத்தது. மேட்பிளாட்லிப் இணைகோட்டுக்குப் பதிலாக யூனிகோடின் தனிக் கழித்தல் குறியை, அதாவது 8722ஐ, இடுகிறது. நான் எடுத்த எழுத்துருவில் அது இல்லை. 2022இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து எழுத்துருக்களைப் பட்டியலாகத் தரலாம் என்பதால், டெஜாவை முதலிலும் தமிழ் எழுத்துருவை அடுத்தும் வைத்தேன். கழித்தல் குறி திரும்பி வந்தது.