சாகவிருந்த நரம்புச் செல்லைப் பிழைக்க வைக்கும் பேக்காப்

நரம்புப் பெப்டைடுகளில் (நரம்புச் செல்கள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் குறும்புரதங்கள்) வளரும் மூளைக்கு முக்கியமானது எது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது பேக்காப்தான் (PACAP). 1989-இல் அகிரா அரிமுராவின் குழு ஆட்டு மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து பிரித்தெடுத்த 38 அமினோ அமிலச் சங்கிலி இது.

எலிக்குட்டி பிறந்த முதல் சில வாரங்களில் சிறுமூளையின் வெளி அடுக்கில் கிரானுல் செல்கள் என்னும் சிறு நரம்புச் செல்கள் பெருகி, உள்நோக்கி நகர்கின்றன. வழியில் கணிசமானவை தாமாகவே மடிகின்றன. அந்தச் செல்களின் மேல் பேக்காப்பைப் பிடிக்கும் பிஏசி1 (PAC1) ஏற்பி நிறைய உண்டு. பேக்காப் அதில் ஒட்டினால் செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி உயரும், அதனால் பிகேஏ நொதி விழிக்கும், செல் சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 புரதம் கூடும். மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சாவைத் தூண்டும் சைட்டோகுரோம்-சி புரதம் கசிவது குறைய, செல்லைக் கொல்லும் நொதியான காஸ்பேஸ்-3 அடங்கிவிடும். செல் பிழைக்கும். ஆனால் கருவிலிருக்கும் எலியின் பெருமூளைப் புறணியில், முன்னோடிச் செல்கள் பிரிவதையே இது குறைக்கிறது. அவற்றை முதிர்ச்சிக்குத் தள்ளுகிறது. இடமும் வயதும் சொல்லாமல் "வளர்ச்சியைத் தூண்டுகிறது" என்று எழுதுவது தவறு.

ஆய்வகத்தில் சோதிக்க 7-8 நாள் குட்டியின் சிறுமூளை ஏற்றது. செல்கள் ஒட்டிக்கொள்ள உதவும் பாலிலைசின் பூசிய தட்டில், 25 மில்லிமோலார் பொட்டாசியத்தில் வளருங்கள். ஒரு நாள் கழித்து, செல் பிரிவதை நிறுத்தும் அராசி (AraC) மருந்தை 10 மைக்ரோமோலார் சேருங்கள். அதைச் சேர்க்காமல் விட்டால் நரம்புச் செல்களுக்குத் துணையான ஆஸ்ட்ரோசைட்டுகள் பெருகிவிடும். அவையும் பேக்காப்புக்குப் பதில் கொடுப்பதால், காப்பாற்றியது யார் என்றே தெரியாமல் போகும். பிறகு சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) இல்லாத, 5 மில்லிமோலார் பொட்டாசிய ஊடகத்துக்கு மாற்றினால் செல்கள் சாகத் தொடங்கும். மாற்றும் அதே வேளையில் பெப்டைடைக் கொடுக்க வேண்டும்.

பெரும்பாலான தோல்விகள் பெப்டைடைக் கையாள்வதில்தான் நேர்கின்றன. மூலக்கூறு எடை சுமார் 4,534. எனவே 1 மில்லிகிராமை 2.2 மில்லிலிட்டரில் கரைத்தால் 100 மைக்ரோமோலார். தட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 100 நானோமோலார். சிறு சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள், உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். நீர்த்த கரைசலில் இது பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும், 0.1 சதவீத ஆல்புமின் சேர்த்தால் இழப்பு குறையும். சீரத்தில் இருக்கும் டிபிபி-4 (DPP-4) நொதி பெப்டைடின் முன்முனையில் இரண்டு அமினோ அமிலங்களை வெட்டிவிடும். மிஞ்சும் துண்டு ஏற்பியைத் தூண்டாது, உண்மையில் அதை அடைத்துக்கொள்ளும். சீரம் வேண்டாம் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாட்டுச் சோதனைக்கு பேக்காப் 6-38 தடுப்பானும் (ஏற்பியை அடைக்கும் பேக்காப் துண்டு), பேக்காப்பின் உறவுப் பெப்டைடான விஐபியும் (VIP) அவசியம். பேக்காப் ஒட்டும் ஏற்பிகள் மூன்று: பிஏசி1, விபேக்1, விபேக்2. விஐபி பின்னிரண்டையே வலுவாகப் பிடிக்கிறது. குறைந்த அளவில் பேக்காப் மட்டும் காப்பாற்றினால் வேலை செய்தது பிஏசி1 எனலாம்.

எலிகளில் மூளை ரத்த ஓட்டத்தைத் தடுத்த பிறகு பேக்காப்பைக் கொடுத்தாலும், நினைவாற்றலுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியின் செல்கள் காக்கப்பட்டன. அதை அப்படியே மருந்தாக்க முடியவில்லை: ரத்தத்தில் சில நிமிடங்களே தாக்குப்பிடிக்கிறது, நாளங்களை விரிக்கிறது, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குச் செலுத்தினால் தலைவலியையே வரவழைக்கிறது. பேக்காப்பைத் தடுக்கும் ஆன்டிபாடிகளை (எதிர்ப்புப் புரதங்களை) ஒற்றைத் தலைவலிக்கே சோதித்து வருகிறார்கள். அதனால் நரம்புக் காப்புக்கு, வெட்டுப்படாத, பிஏசி1-ஐ மட்டும் தொடும் மாற்றுருக்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.