கோட்டை வாசல் கல்

இன்று காலை திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்றிக் கோட்டை வாசலுக்குள் ஒரு மான் நின்று, யாரோ போட்ட வாழைப்பழத் தோலை அவசரமின்றி மென்றுகொண்டிருந்தது.

அது விலகட்டும் என்று காத்திருந்தபோதுதான், எத்தனையோ முறை ஓட்டோவில் கடந்துபோன வாசல் நிலைக்கல்லை முதன்முறையாகக் கிட்ட நின்று பார்த்தேன்.

இரட்டை மீன். அதனோடு, தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள்: 'முன்னே குளக்கோட்டன்...'

1622இல் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக் கொண்டே 1624இல் இக்கோட்டையைக் கட்டினார்கள். பின்பு ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் எனக் கைமாறி, கடைசியில் ஆங்கிலேய இளவரசர் ஒருவரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன்; அவனது திருப்பணியைப் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், பிரிப்பார்கள் என்று சொல்லும் அந்தப் பாடல், பறங்கியர் எழுப்பிய கோட்டையிலேயே இருக்கிறது. (வாசித்தறிந்து வைத்தார்களா, வெறும் கல்லென்று வைத்தார்களா?)

அர்ச்சனைத் தட்டோடு முன்னே போன அம்மா திரும்பி, "கல்லில என்ன பார்க்கிறாய், பூசைக்கு நேரம் போகுது" என்றார்.