கொத்துப்பட்ட கோழியும் கொத்தும் கோழியும்

கிராமப்புறக் கால்நடை மருந்தகம் ஒன்றில் மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு, மாடும் ஆடும் நிறைந்த காலை நேரத்தில் ஒயர் கூடைக்குள் தலையை மட்டும் வெளியே நீட்டியபடி வந்து சேரும் நாட்டுக்கோழிகளின் மீது எப்போதும் தனி அக்கறை உண்டு. ஒரு கோழிக்காக வேலையை விட்டுவிட்டுப் பேருந்தேறி வருபவருக்கு அந்தக் கோழியின் முட்டை வீட்டுச் செலவில் ஒரு பங்கு என்பதை நான் அறிவேன். அப்படி வருபவர்களில் பலரும் காயத்துக்குக் கீரியையோ நாயையோதான் காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் கோழியை மேசையில் வைத்து இறகை விலக்கிப் பார்த்தால், பெரும்பாலும் அதே கூட்டில் அடையும் இன்னொரு கோழியின் அலகுதான் அந்தக் காயத்தைச் செய்திருக்கும்.

கடிக்கும் கொத்துக்கும் வேறுபாடு தெளிவானது. கீரியோ நாயோ கடித்தால் பல் பதிந்த ஆழமான துளைகள் இருக்கும். தோல் கிழிந்து தொங்கும். கொத்துப்பட்ட கோழிக்கோ வாலடியிலும் கீழ்முதுகிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகு போய், முறிந்த இறகுக் குருத்துகள் கறுத்த இரத்தப் புள்ளிகளோடு நிற்கும். சேவல் மிதிப்பதால் தேயும் முதுகு இறகையும், அடைக்கோழி தானே பிடுங்கிக்கொள்ளும் நெஞ்சு இறகையும், ஆண்டுக்கொருமுறை காயமின்றி இருபுறமும் சமமாக உதிரும் இறகையும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கொண்டையிலும் தலையிலும் மட்டும் காயம் இருந்தால் அது யார் பெரியவர் என்ற சண்டை. 1920-களின் தொடக்கத்தில் நார்வே நாட்டு ஆய்வாளர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே விவரித்த கொத்து வரிசை அதுதான். வரிசை முடிவானதும் அந்தச் சண்டை பெரும்பாலும் அடங்கிவிடும். இறகுக் கொத்து அப்படித் தானாக அடங்குவதில்லை.

ஒருமுறை ஒரு மூதாட்டி கொண்டுவந்த பெட்டைக்கு வாலடியில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குச் சதை சிவந்து தெரிந்தது. “கீரி கடிச்சிருச்சுங்க டாக்டரம்மா” என்றார். கோழிகளை எங்கே மேய விடுகிறீர்கள் என்று கேட்டேன். “முன்னெல்லாம் களத்துல மேயுமுங்க. பக்கத்துக் காட்டுக்காரங்க நாத்தக் கிளறுதுன்னு சண்டைக்கு வந்தாங்க. அதான் வலையடிச்சு அடைச்சுட்டனுங்க” என்றார். வலைக்குள் தரை என்னவென்று கேட்டதற்கு, கழுவ வசதியாகச் சிமெண்டு போட்டிருப்பதாகச் சொன்னார். எனக்கு வேண்டிய விடை அதில் இருந்தது. விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியைக் கிளறுவதிலும் கொத்துவதிலும் கழிக்கும் பறவைக்குக் கிளற மண்ணே இல்லாமல் போனால், அந்த அலகு அருகில் நிற்கும் கோழியின் இறகுக்குத் திரும்புகிறது. ஒரு துளி இரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவையும் கூடிக் கொத்துகின்றன.

காயத்துக்குச் செய்ய வேண்டியது கடினமானதன்று. முதலில் கோழியைப் பிரித்து ஒரு பஞ்சாரத்தால் மூடி, அதன் கூட்டத்தின் கண்ணெதிரிலேயே வைக்கச் சொல்கிறேன். முற்றிலும் மறைத்து வைத்த கோழியைத் திரும்ப விடும்போது மற்றவை புதியதென்று எண்ணித் தாக்கும். அரை லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் சிறு கரண்டி உப்பைக் கரைத்துக் காயத்தைக் கழுவி, சுற்றியுள்ள இறகைப் பிடுங்காமல் கத்தரியால் நறுக்கி, நீர் சேர்த்து இளந்தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்த போவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினியைத் தடவினால் போதும். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் சில நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நம் வெயிலில் ஈ மொய்த்துப் புழு வைப்பதுதான் பெரிய ஆபத்து. அதனால் ஓரங்களில் மஞ்சள் குழைத்த வேப்பெண்ணெய் பூசும் வீட்டு வழக்கத்தை நான் தடுப்பதில்லை. மண்ணெண்ணெயை மட்டும் கண்டிப்பாகத் தடுக்கிறேன். சிவப்பை மறைக்க ஊதா மருந்து போடும் பழக்கமும் உண்டு. ஜென்சியன் வயலட் எனப்படும் அந்த ஊதா மருந்து புற்றுநோய் ஆபத்துள்ளது என்று கனடாவின் சுகாதாரத் துறை 2019-இல் எச்சரித்திருப்பதால், முட்டைக்கும் கறிக்கும் வளர்க்கும் கோழிக்கு அதை நான் எழுதுவதில்லை. மேலோட்டமான காயத்துக்கு ஆன்டிபயாடிக்கும் தேவையில்லை. கொடுத்தால் மருந்தின் எச்சம் முட்டையில் வரக்கூடும். குடல் தெரிந்தாலோ, முட்டைப்பை வெளித்தள்ளினாலோ, நாற்றம் வந்தாலோ வீட்டில் வைத்துக்கொண்டிராமல் உடனே கொண்டுவர வேண்டும்.

காரணத்தைத் தேடுவதற்குத்தான் அதிக நேரம் செலவிடுகிறேன். இடநெருக்கடி, இரவில் பலகை இடுக்கிலிருந்து வந்து இரத்தம் உறிஞ்சும் செள்ளு, கோழிப்பேன், வெயில் நேரே விழும் முட்டைக்கூடு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். முட்டையிட்ட கணத்தில் ஆசனவாயின் உட்புறம் சிவந்து வெளியே தெரிவதால், முட்டையிடும் இடம் இருட்டாக இருப்பது அவசியம். தீவனமும் முக்கியம். இறகின் பெரும்பகுதி புரதமே என்பதால், வெறும் அரிசியும் சோளமும் தின்னும் கோழிக்கு மெத்தியோனின் போன்ற புரதக் கூறுகள் குறைந்து, இறகைத் தின்னும் நாட்டம் வரலாம். உப்புக் குறைவும் ஒரு காரணமே. அதைக் கேட்டுவிட்டுத் தண்ணீரில் உப்பைக் கரைத்து வைப்பவர்களும் உண்டு. அளவு மிஞ்சினால் உப்பு கோழிக்கு நஞ்சு என்பதால், உப்பு சரியாகக் கலந்த முட்டைக்கோழித் தீவனத்தைச் சேர்த்துக் கொடுப்பதே பாதுகாப்பானது.

மூதாட்டியிடம் சிமெண்டுத் தரையின் மீது உமியும் சருகும் ஒரு சாண் உயரம் கொட்டி, தானியத்தைத் தட்டில் வைக்காமல் அதற்குள் இறைத்துவிடச் சொன்னேன். முருங்கைக் கீரையைக் கட்டாகக் கோழியின் அலகு எட்டும் உயரத்தில் தொங்கவிடவும், ஒரு மூலையில் மண்ணும் சாம்பலும் கலந்து புரள இடம் விடவும், பழைய பானையில் ஈரச் சாணியும் கிழிந்த சாக்கும் திணித்துக் கவிழ்த்துக் கரையான் பிடித்துப் போடவும் சொன்னேன். கரையான் பிடிப்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

“மூக்க வெட்டி விட்ருங்களேன்” என்று கேட்பவர்களுக்கு நான் உடன்படுவதில்லை. அலகில் நரம்புகள் உண்டு, வெட்டினால் வலிக்கும். அந்த அலகால்தான் நாட்டுக்கோழி பூச்சியைப் பொறுக்கித் தன் தீவனச் செலவைக் குறைக்கிறது. நார்வேயும் ஸ்வீடனும் பின்லாந்தும் பெரும் பண்ணைகளிலேயே இதைத் தடை செய்திருக்கும்போது, பத்துக் கோழி வளர்க்கும் வீட்டில் இதற்குத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரே கோழிதான் கொத்துகிறது என்று தெரிந்தால், அதைச் சில நாள் தனியே அடைத்து, மற்றவற்றை நிம்மதியாக விடலாம்.

காயம் ஆறியதும் அவசரப்பட்டுத் திரும்ப விடுவதில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. புதிதாக முளைக்கும் இறகுக் குருத்துக்குள் இரத்தம் ஓடுகிறது. அது முறிந்தால் மறுபடியும் சிவப்புத் தெரியும், மறுபடியும் கொத்து விழும். எனவே குருத்து விரிந்து தோலை மூடும் வரை பஞ்சாரத்திலேயே வைத்திருந்து, கோழிகள் அடைந்த பிறகு இருட்டில் கூட்டத்தோடு சேர்த்து, மறுநாள் கதவு திறக்கும் முதல் ஒரு மணி நேரம் அருகிலேயே நின்று பார்க்கும்படி சொல்லி அனுப்புகிறேன்.