காற்றில்லாமல் ஓடிய தண்ணீர்

போன மாதம் என் லப்டொப்பில் இருந்த திருகோணமலைக் கடல் காற்றே இல்லாமல் ஓடத் தொடங்கியது. காற்று, வற்றுப்பெருக்கு எல்லாவற்றையும் நானே பூச்சியமாக்கி வைத்திருந்தேன். அசையாமல் கிடக்கவேண்டிய கணினித் தண்ணீர், கோணேசர் மலைக்குக் கிழக்கே விநாடிக்கு 18 சென்ரிமீற்றர் வேகத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

நான் தேடுவது சின்ன விஷயம்தான். நிலாவெளிக்கு முன்னால் இருக்கும் புறாத்தீவின் பவளங்கள் விடும் குடம்பிகள், அதாவது அவற்றின் குஞ்சுகள், எந்தக் கரைக்குப் போய்ச் சேர்கின்றன? கடலில் அவற்றின் பின்னால் போக முடியாது, ஒவ்வொன்றும் ஊசிமுனை அளவு. அதனால் ரோம்ஸ் என்ற இலவச மென்பொருளில் நீரோட்டத்தைக் கட்டி, சில ஆயிரம் புள்ளிகளைக் குடம்பிகளென்று அதில் விட்டுப் பார்க்கிறேன். 2014இல் கடல் ஆய்வாளர்களான ஆஷா டி வொஸும் சரித்த பட்டியாராச்சியும் விஜேரத்னவும் இலங்கையைச் சுற்றிய நீரோட்டத்தை ஆராய்ந்தது இதே ரோம்ஸை வைத்துத்தான். எனக்கு வேண்டியது அந்தப் பெரிய படத்தின் ஒரு மூலை மட்டும். இலேசாக இருக்கும் என்று நினைத்தேன்.

இலேசில்லை. காரணம் எங்கள் துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் கடலடிப் பள்ளத்தாக்கு. அதன் தலை கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே கிடக்கிறது, கிழக்கே போகப்போக 3000 மீற்றரையும் தாண்டி இறங்குகிறது. திமிங்கிலம் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் அதன் மேலேதான் படகை நிறுத்துகிறார்கள்.

கணினிக்கு இந்தப் பள்ளம் இரண்டு விதத்தில் பகை. கடலைச் சதுரப் பெட்டிகளாகப் பிரித்த என் வரைபடத்தில் ஒரு பெட்டியின் அகலம் 500 மீற்றர். 3000 மீற்றர் ஆழத்தில் நீண்ட அலையொன்று விநாடிக்கு ஏறக்குறைய 170 மீற்றர் ஓடும், அதாவது மூன்று விநாடிக்குள் ஒரு பெட்டியைக் கடந்துவிடும். கணக்கு வைக்கும் நேர அடி, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையிலான நேரம், அதைவிடச் சிறியதாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எண்கள் வெடித்துச் சிதறும். முதல் கிழமை முழுக்க வெடித்தது.

இரண்டாவது பகைதான் அந்தக் காற்றில்லாத ஓட்டம். ரோம்ஸ் தண்ணீரைத் தரையோடு ஒட்டிய அடுக்குகளாகப் பிரிக்கிறது. நான் வைத்தது 20 அடுக்கு. 20 மீற்றர் ஆழத்தில் ஓர் அடுக்கு ஒரு மீற்றர் தடிப்பு என்றால், 2000 மீற்றர் ஆழத்தில் 100 மீற்றர். தரை செங்குத்தாக விழும் இடத்தில் ஒரே அடுக்கின் ஒரு நுனி சூடான மேல்தண்ணீரிலும் மறு நுனி குளிர்ந்த அடித்தண்ணீரிலும் கிடக்கும். அங்கே அமுக்கத்தைக் கணக்கிடும்போது இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சின்ன எண்ணை எடுக்கவேண்டும். அதில் வரும் பிழையை நிரல் உண்மையான தள்ளல் என்று நம்பித் தண்ணீரை ஓடவிடுகிறது.

எல்லாரும் சொல்லும் மருந்து, தரையை இழைத்து விடுவது. பக்கத்துப் பெட்டி ஒன்றரை மடங்குக்கு மேல் ஆழமாக இருக்கக்கூடாது என்பது வழக்கமான விதி. 20 மீற்றரிலிருந்து 1000 மீற்றருக்கு இறங்க அப்படியே பத்துப் பெட்டி, ஐந்து கிலோமீற்றர் வேண்டும். சரி என்று இழைத்தேன். பொய் ஓட்டம் 3 சென்ரிமீற்றருக்கு இறங்கியது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது.

அன்று பின்னேரம் பெரியப்பா வந்தார். திருக்கடலூரில் வள்ளம் வைத்திருப்பவர், பின்னேரங்களில் எங்கள் வீட்டில்தான் பிளேன்ரீ. ஆழ வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியை உயர்த்தி வைத்துக்கொண்டு பார்த்தார்.

"பிள்ளை, எங்கட கிடங்கு எங்க? இது சட்டி மாதிரியெல்லோ கிடக்கு."

விளக்கினேன். கணக்கு நிற்பதற்காகக் கொஞ்சம் சரித்திருக்கிறேன் என்றேன்.

"கிடங்கைத் தூர்த்துப்போட்டு ஆர் போற கடல் இது?" கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "கங்கையையும் காணேல்லை" என்றார்.

மகாவலியைத்தான் சொன்னார். 335 கிலோமீற்றர் ஓடிவந்து மூதூர்ப் பக்கம் கடலில் விழும் ஆற்றை நான் சேர்க்கவே இல்லை. தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்துக்கு மட்டும் ஓட்டிப் பார்த்ததால் பெரிதாகத் தோன்றவில்லை. மாரியில் அப்படி விட முடியாது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மூடிபோலப் பரவும், காற்று தள்ளுவது முக்கியமாக அந்த மெல்லிய மூடியைத்தான். மேலே மிதக்கும் குடம்பியும் அதோடுதான் போகும். அதே மாதங்களில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த தண்ணீரும் கரையோரமாகத் தெற்கே இறங்குகிறது. ஆறில்லாத என் மாரிக்கடல் எந்த ஊர்க் கடலோ.

இப்போது பெட்டியை 250 மீற்றராகக் குறைத்து, பள்ளத்தைக் கொஞ்சமாக மட்டும் இழைத்து ஓட்டுகிறேன். பெட்டிகள் நான்கு மடங்கு, நேர அடி பாதி, ஆகமொத்தம் எட்டு மடங்கு நேரம். லப்டொப்புக்கு மேசை விசிறி, எனக்குப் பனையோலை விசிறி. ஆற்றின் நாளாந்த நீரளவைக் கேட்டு ஓரிடத்துக்குக் கடிதம் போட்டு ஆறு கிழமை, பதில் இல்லை.

மாரியில் கலங்கல் தண்ணீர் எங்கே போகும் என்று பெரியப்பாவிடமே கேட்டேன். மீன் வெட்டிய கையோடு திரையில் விரலை வைத்து, மூதூரிலிருந்து வெளியே இழுத்து, தெற்கே வளைத்துக் காட்டினார். அந்த எண்ணெய்க் கோட்டை நான் இன்னும் துடைக்கவில்லை. நீரளவு வரும்வரை ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.