முடிவு தெரிந்தும் படிக்கிறோமே!

நேற்று ராத்திரி பேய்க்கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தவன், பாதியில் எழுந்து போய்க் கதவுக்குத் தாழ் போட்டேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். பேய்க்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று அப்போது தோன்றவே இல்லை!

பயக்கதையில் ஒரு வசதி உண்டு. நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும், ஆனால் புத்தகத்தை மூடினால் தீர்ந்தது.

சஸ்பென்ஸ் வேறு சங்கதி. திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் இதற்கு மேசைக்கடியில் இருக்கும் குண்டை உதாரணம் சொல்வார். இரண்டு பேர் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது அது திடீரென்று வெடித்தால் நமக்கு 15 வினாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்கு முன்பே தெரிந்து, அவர்களுக்குத் தெரியாவிட்டால்? அந்த வெட்டிப்பேச்சே 15 நிமிடம் நம்மை வறுத்தெடுத்துவிடும். ‘டேய், எழுந்து ஓடுங்கடா’ என்று கத்தத் தோன்றும். எனக்கு இந்த வதைதான் பிடிக்கிறது. கடைசிப் பக்கத் திருப்பத்தை மட்டும் நம்பி எழுதும் கதைகள் பாதியிலேயே அலுத்துவிடுகின்றன.

2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சிறுகதைகளைப் படித்தவர்கள், மொத்தத்தில் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்திருக்கிறார்கள்.

காதல் கதை வாசகர்களுக்கு இதை யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை. இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே தெரியும். யார் முதலில் வாய் திறப்பார் என்பதற்காகத்தானே முந்நூறு பக்கம் புரட்டுகிறோம்?

சரி, அந்தப் பேய்க்கதையில் இன்னும் நாற்பது பக்கம் பாக்கி. பகலில் பார்த்துக்கொள்கிறேன்.