நடுவில் ஒரு துபாஷி

"கடலூர் கடையில போன் எடுக்கிற பொண்ணுக்கு ஆறு மாசமா சளியா தம்பி?"

முதலாளி விளையாட்டாகத்தான் கேட்டார். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து மோட்டார் விலை கேட்டுக் கூப்பிடும் வாடிக்கையாளர்கள் சிலர் உண்மையாகவே அந்தப் பெண்ணிடம் கஷாயம் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குச் சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. மஞ்சக்குப்பம் கிளையில் போன் எடுப்பவர் யாராக இருந்தாலும் குரல் அப்படித்தான் போகும் என்று பிறகு தெரிந்தது. புதுச்சேரி தலைமைக் கடையில் பேசினால் அந்தக் குறை கிடையாது.

இரண்டு கடைக்கும் இன்டர்நெட் போன் போட்டுக் கொடுத்தவன் நான். சர்வர் புதுச்சேரியில், மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் அஸ்டெரிஸ்க் என்ற போன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள். கிளையில் எட்டு எக்ஸ்டென்ஷன். வெளி அழைப்புகளுக்கு ஒரு சிப் டிரங்க், அதாவது போன் கம்பெனியோடு சேர்க்கும் டிஜிட்டல் இணைப்பு. சின்ன அமைப்புதான்.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். ரிசீவரை மாற்றினேன், சுருள் வயரை மாற்றினேன், ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். தவளக்குப்பம், கன்னியக்கோயில், பெண்ணையாற்றுப் பாலம் என்று பஸ்ஸில் இரண்டு முறை போய் வந்ததுதான் மிச்சம். மூன்றாவது முறை கிளம்பும் முன்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அழைப்பின் விவரத்தை சர்வரில் எடுத்துப் பார்த்தேன். கிளைப் பக்கம் ஜி.729 என்ற கோடெக் (குரலை எண்களாக மாற்றி அனுப்பும் முறை). டிரங்க் பக்கம் ஜி.711 என்ற வேறு கோடெக், அதில் ஏ-லா என்ற வகை. அதற்குக் கீழே டிரான்ஸ்கோடிங் (ஒரு கோடெக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது) என்ற இடத்தில் "ஆம்".

ஜி.729 என்று அங்கே எழுதி வைத்தவனும் நான்தான். 2015-இல்.

அன்றைக்கு அது சரியான முடிவு. கிளைக்கு இருந்தது செம்புக் கம்பியில் வந்த பிராட்பேண்ட். மேலே அனுப்பும் வேகம் 512 கிலோபிட் என்று பேர், கிடைப்பது அதற்கும் குறைவு. ஜி.711-இல் நொடிக்கு 8000 ஒலி மாதிரி (சாம்பிள்), மாதிரிக்கு 8 பிட், ஆக 64 கிலோபிட். பேக்கெட் தலைப்புகளையும் (ஒவ்வொரு குரல் பொட்டலத்தின் மேலும் ஒட்டும் விலாசத்தையும்) சேர்த்தால் ஒரு அழைப்புக்கு 80. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் 320 போய்விடும், பில் போடும் மென்பொருள் நின்றுவிடும். ஜி.729 குரலை 8 கிலோபிட்டில் அடக்கிவிடும். அதற்காகப் பத்தில் ஒரு பங்கு என்று நினைத்துவிடக் கூடாது. 20 மில்லிநொடிக்கு ஒரு பேக்கெட். அதில் குரல் 20 பைட், தலைப்பு 40 பைட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மொத்தம் 24 கிலோபிட் வந்துவிடும். இருந்தாலும் 80-க்கு 24 லாபம்தானே? அப்போது அதற்கு சேனலுக்கு இவ்வளவு என்று உரிமமும் வாங்க வேண்டியிருந்தது (2017 தொடக்கத்தில் அந்தக் காப்புரிமைத் தொல்லை ஒழிந்தது). முதலாளியிடம் பேசிப் பேசிக் காசு வாங்கி, பெருமையாகப் போட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் கிளைக்கு ஃபைபர் வந்தது. 100 மெகாபிட். ரவுட்டரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். அந்த ஒரு வரியை மட்டும் தொடவில்லை.

ஒரு போன் இன்னொன்றைக் கூப்பிடும்போது தனக்குத் தெரிந்த கோடெக்குகளை வரிசைப்படுத்தி அனுப்பும். ஜி.711-இன் இன்னொரு வகையான மியூ-லாவுக்கு 0, ஏ-லாவுக்கு 8, ஜி.729-க்கு 18 என்று எண்கள். எதிர்ப்பக்கம் அதிலிருந்து தனக்கு ஒத்துவருவதைச் சொல்லும். கிட்டத்தட்டச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவது போலத்தான். எங்கள் கிளை போன் நீட்டியது 18 மட்டும். டிரங்க் கேட்பது 8. நேருக்கு நேர் பேசவிட்டிருந்தால் 488 (ஒத்துவராது) என்ற பதில் வந்து அழைப்பு அறுந்திருக்கும், நானும் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன். ஆனால் நடுவில் சர்வர் இருக்கிறதே! அதற்கு இரண்டும் தெரியும். இந்தப் பக்கம் 18-க்குத் தலையாட்டியது, அந்தப் பக்கம் 8-க்குத் தலையாட்டியது. இரண்டு பேச்சுவார்த்தையும் வெற்றி. லாகில் ஒரு எச்சரிக்கை கிடையாது.

எங்கள் ஆபீஸ் ரங்கப்பிள்ளை வீதிக்குப் பக்கத்தில். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரில் அமைந்த வீதி. துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். டீ குடிக்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிக்கட்டு சர்வர் ஞாபகம்தான் வரும். துபாஷி இருந்தால் பேரம் முடிந்துவிடும். ஆனால் அவர் சொல்லித்தான் இவருக்குத் தெரியும், இவர் சொன்னதும் அவர் வழியாகத்தான் போகும். கூலியும் உண்டு. ஜி.729 சத்தத்தைப் 10 மில்லிநொடித் துண்டுகளாக எடுத்து, அடுத்த துண்டில் 5 மில்லிநொடி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதும். சர்வரின் பிராசசருக்கும் வேலை.

தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், குரல் தேய்வதுதான் பெரிய நஷ்டம். ஜி.729 சத்தத்தை அப்படியே அனுப்புவதில்லை. மனிதத் தொண்டையும் வாயும் எப்படி ஒலி எழுப்பும் என்ற கணக்கை வைத்து, "இந்த மாதிரி ஒரு ஒலி" என்று குறிப்பு அனுப்பும். ஒரு முறை என்றால் காது ஏற்றுக்கொள்ளும். எங்கள் வாடிக்கையாளர்களோ முக்கால்வாசிப் பேர் செல்போனில் வருகிறவர்கள். அந்தப் பெண்ணின் குரல் ஜி.729-இல் சுருங்கி, சர்வரில் விரிந்து, ஏ-லாவாகி, செல்போன் கம்பெனியில் மறுபடி அவர்களுடைய கோடெக்கில் சுருங்கும். குறிப்புக்குக் குறிப்பு எழுதினால் சளி பிடிக்காமல் என்ன செய்யும்?

தலைமைக் கடையிலிருந்து கிளைக்கு அழைப்பை மாற்றும்போது ஹோல்டில் முதலாளி ஆசையாக நாதஸ்வரம் வைத்திருந்தார். தொண்டைக்காக எழுதிய கணக்கில் நாதஸ்வரத்தைப் போட்டால் கிளையில் இருப்பவர்களுக்குக் குளத்துக்குள் நின்று ஊதுவது போல இருக்கும். அவர்கள் ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு என்றார்கள்.

இதற்கும் முன்னால் ஒரு துப்பு கிடைத்திருந்தது. கிளையிலிருந்து பேங்குக்குப் போன் போட்டு "ஒன்றை அழுத்தவும்" என்றதும் அழுத்தினால், அங்கே பதிவாகவில்லை என்று ஒரு புகார். பொத்தான் டோன் குரலோடு குரலாகப் போய் நசுங்கியிருக்கிறது. டோனைத் தனிச் செய்தியாக அனுப்பும்படி மாற்றினேன், சரியாகிவிட்டது. ஏன் நசுங்கியது என்று அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால் பஸ் காசு மிச்சம். பிரச்சினை தீர்ந்த வேகத்தில் காரணம் தப்பிவிட்டது.

மாற்றியது இரண்டே இடம். சர்வரில் கிளைக்கான வரியில் எல்லாவற்றையும் தடுத்து ஏ-லாவை மட்டும் அனுமதித்தேன். போன்களிலும் அதுவே. தொழிற்சாலை அமைப்பில் பல போன்கள் அமெரிக்க வழக்கமான மியூ-லாவை முதலில் வைத்திருக்கும். நம் ஊர் டிரங்க் ஏ-லா. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது சர்வருக்கு லேசான வேலைதான், ஆனால் எதற்கு வீணாக?

கூட வேலை செய்யும் தம்பி, எல்லாவற்றையும் ஓபஸாக்கிவிடலாம் அண்ணே என்றான். ஓபஸ் நல்ல கோடெக்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் வெளியே போகும் வாசல் ஏ-லா அளவுதான் இருக்கிறது. உள்ளே பட்டு விரித்து என்ன பயன்? முதலாளி மகன் செல்போன் ஆப்பில் பேசுகிறார், அதற்கு மட்டும் ஓபஸை விட்டுவைத்தேன். வழியில் பேக்கெட் தொலைந்தாலும் அது சமாளிக்கும். ஆக ஒரு துபாஷிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

அடுத்த வாரம் முதலாளி கூப்பிட்டார். சளி போய்விட்டதாம், நாதஸ்வரமும் நாதஸ்வரமாகக் கேட்கிறதாம்.

"ஆனா தம்பி, கடலூர்ல பஸ் ஹாரன் எல்லாம் அப்படியே கேக்குதே. அதை எடுக்க முடியாதா?"

முன்பு கரகரப்பாக இருந்தது இப்போது ஹாரன் என்று தெரிகிறது, அவ்வளவுதான். கல்லாவை ரோட்டுப் பக்கத்திலிருந்து உள்ளே தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன். ஆடி மாசம் முடியட்டும் என்கிறார்.